முதலாளியின் நாக்கு

வாழையிலைச் சாப்பாட்டுக்கு நேரம் உண்டு. கிள்ளான் பக்கம் அது பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவே. அதற்கு முன்னால் போனால் ரசம் இன்னும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். ஒன்றரைக்குப் பிறகு போனால் பாகற்காய் வறுவல் தீர்ந்திருக்கும், அப்பளம் நமுத்திருக்கும், மீன் குழம்பில் குழம்பு மட்டும் மிஞ்சியிருக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் கண்ணாடிப் பெட்டிக்குள் கறியை அடுக்கி வைத்திருக்கும் கடைகளும் இங்கே நிறைய உண்டு. அவற்றைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். காலையில் சமைத்து, மூன்று மணிக்குள் விற்றுத் தீர்த்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிற கடைகள்தான் இந்த வார விஷயம். கல்லாவில் முதலாளி, உள்ளே அவர் மனைவியோ அக்காவோ, பள்ளி விடுமுறையில் தண்ணீர் வைக்க வரும் மகன். மேருவிலும் காப்பாரிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும் இப்படிப்பட்ட கடைகள் இன்னும் நடக்கின்றன.

இலை விரித்ததும் காய்கறி வரும். முட்டைக்கோஸ் பொரியலோ கீரைக் கூட்டோ ஒன்று, வெள்ளரிக்காய் போட்ட தயிர்ப் பச்சடி, மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய். பிறகு 'வெள்ளைச் சோறா, புழுங்கலா?' என்ற கேள்வி. அடுத்தது குழம்பு வாளி: பருப்பு, கோழி, மீன். எது வேண்டுமோ சொல்லலாம், இரண்டைக் கலந்து ஊற்றச் சொன்னாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதன் பிறகு ஒரு தட்டில் மட்டன் வறுவல், கோழிப் பிரட்டல், நண்டு, கணவாய் சம்பல், பொரித்த மீன்முட்டை என்று வரிசையாகக் கண்முன் காட்டுவார்கள். சோறும் காய்கறியும் ரசமும் கேட்கக் கேட்க வரும். இறைச்சிக்கும் மீனுக்கும்தான் தனிக் கணக்கு. எழுந்து கை கழுவிக் கல்லாவுக்குப் போனால் சில கடைகளில் இன்றும் பில் கிடையாது. 'என்ன சாப்பிட்டீங்கண்ணே?' என்று கேட்பார்கள். நாம் சொல்வதுதான் கணக்கு. ஒரு துண்டு மீனைச் சொல்லாமல் விட்டால் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. முதலாளிக்குத் தெரியும். மறுநாளும் நாம் வர வேண்டும் என்பதால் அவர் சொல்வதில்லை.

சாப்பாட்டை விட்டுச் சற்று ஊரைப் பார்த்துவிடலாம். கிள்ளான் நகரிலிருந்து மேரு சாலையைப் பிடித்து வடக்கே போனால் வருவது மேரு. ஜாவா வழி மலாய்க்காரர்கள் நிறைந்த கம்பங்கள், சீனர்களின் கடைவீடுகள், தோட்டத்திலிருந்து வெளியேறிய தமிழர்களின் தாமான்கள், இவற்றுக்கு நடுவே தொழிற்சாலைகள். ஒரு காலத்தில் இந்தப் பகுதியைச் சுற்றிலும் ரப்பர், பிறகு செம்பனை. நார்த் ஹம்மோக் தோட்டம் இருந்த இடத்தில் இன்று செத்தியா ஆலாம் வீடுகள் நிற்கின்றன. புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆகிவிட்டது. தமிழர்கள் பால் வெட்டிய மண்ணில் இப்போது நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் ரப்பர் கையுறை செய்கிறார்கள். உலகிலேயே மிகப் பெரிய கையுறை உற்பத்தி நிறுவனமான டாப் கிளவ்வின் ஆலைகள் பல இங்கேதான். அந்த ஆலைத் தொழிலாளர்களிடையே பரவி 2020 நவம்பரில் நாட்டை உலுக்கிய 'தெராத்தாய்' கோவிட் திரள் மேருவின் ஒரு சாலைப் பெயரைத்தான் தாங்கியிருந்தது. மேரு என்ற பெயரை நாட்டின் மற்ற மூலைகளில் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அந்தச் செய்தியில்தான் என்பது உள்ளூர்க்காரர்களுக்கு இன்றும் சின்ன மனக்குறை.

இப்படி ஒரு ஊரில் சாப்பாட்டுக் கடை வைப்பவருக்கு வாடிக்கையாளர் யார் என்பது பத்தாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. தோட்டத்து ஆட்கள் போனார்கள், லாரி ஓட்டுநர்கள் வந்தார்கள், ஆலைத் தொழிலாளர்கள் வந்தார்கள், புதுத் தாமான்களின் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வந்தார்கள். கடை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, குழம்பும் கிட்டத்தட்ட அதே ருசியில் இருக்கிறது. எப்படி?

அந்தக் கேள்விக்குப் பதில் தேட, குழம்பில் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். புழுங்கலரிசி இந்தியாவிலிருந்து. வெங்காயமும் காய்ந்த மிளகாயும் பெரும்பாலும் அங்கிருந்தே. ஆட்டிறைச்சி பல கடைகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வந்தது. அடுப்படியில் நிற்பவர் ராமநாதபுரத்துக்காரராகவோ சிவகங்கைக்காரராகவோ இருக்கலாம். தட்டு கழுவுபவர் வங்காளதேசி. மேரு சாலைப் பெரிய சந்தையில் விடியுமுன் வாங்கிய மீன், தேங்காய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தள்ளினால் உள்ளூர்ச் சரக்கு என்று சொல்ல அதிகமில்லை. ஆனாலும் அந்தச் சாப்பாட்டை மதுரையில் யாரும் தம் ஊர்ச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது கிள்ளான் சாப்பாடு. அதைக் கிள்ளான் சாப்பாடாக வைத்திருப்பது முதலாளியின் நாக்கு.

காலை பத்து மணிக்கு ஒரு கடையின் பின்கட்டில் நின்றால் இது புரியும். சமையல்காரர் பிரட்டலைக் கிளறிவிட்டுக் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து நீட்டுகிறார். முதலாளியம்மா அதை உள்ளங்கையில் வாங்கி நக்கிப் பார்க்கிறார். கொஞ்சம் யோசிக்கிறார். 'கிச்சாப் பத்தலை.' சமையல்காரர் முகத்தில் ஒரு சலிப்பு. கோழிக்கறியில் சோயா சாறு ஊற்றுவது அவர் ஊரில் நடக்காத காரியம். ஆனாலும் போத்தலைக் கவிழ்க்கிறார். பிரட்டல் நிறம் மாறுகிறது, ஓரத்தில் எண்ணெய் பிரிகிறது, ஒரு லேசான இனிப்பு வாசனை எழுகிறது. அந்த வாசனை வந்தால்தான் வாசலில் நிற்பவர்கள் உள்ளே வருவார்கள்.

இந்த நாக்கு எங்கே உருவானது? தோட்டத்து லயன் வீட்டுச் சமையலறையில். மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. அதற்குப் பிறகு கூட்டங்கூட்டமாக ஆட்கள் வந்து இறங்குவது நின்றது. இங்கே தங்கியவர்களின் சமையல் தன் போக்கில் வளர ஆரம்பித்தது. தோட்டத்துக்குப் பக்கத்துச் சீனர் மளிகைக்கடையில் கடனுக்குக் கிடைத்தது கிச்சாப்பும் டின் மீனும். மலாய்க் கம்பத்திலிருந்து வந்தது பிளாச்சானும் நெத்திலிச் சம்பலும். மீகூனும் மஞ்சள் மீயும் அடுப்பேறின. டின் மீன் பிரட்டல் என்பது இன்றும் மலேசியத் தமிழ் வீடுகளில் மாதக் கடைசியின் விருந்து. உள்ளூர்க்காரர் கடை வைத்தால் இந்தச் சமையல்தான் கடைக்கு வருகிறது. சான்றிதழ் வாங்கிய சமையல் வல்லுநர் எழுதிக் கொடுத்த முறை ஏதும் கிடையாது.

இதற்குக் கண்கூடான சாட்சி வேண்டுமென்றால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஸ்ரீ பாரதன் மாதா விலாஸுக்குப் போக வேண்டும். அங்கே பெயர் போனது மட்டன் மீ. தோசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மட்டன் மீ தட்டில் வரும்போது கறுப்பாக இருக்கும், எண்ணெய் மினுங்கும், முதல் முறை பார்ப்பவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். மஞ்சள் மீ சீனருடையது, கிச்சாப்பும் அவர்களுடையது. ஆட்டுக்கறியும் மசாலாவும் காரமும் நம்முடையவை. வாயில் வைத்தால் முதலில் மிளகாய், பிறகு கறியின் கொழுப்பு, கடைசியில் கிச்சாப்பின் இனிப்பு. கூடவே ஒரு கிண்ணம் ஆட்டுச் சூப். இந்தத் தட்டைத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் தேட முடியாது, சீனாவிலும் தேட முடியாது. கிள்ளானில் பிறந்த தட்டு. மீன்தலைக் கறியும் அப்படித்தான். 1949-இல் சிங்கப்பூரில் கோமஸ் என்ற மலையாளி, தலையை விரும்பித் தின்னும் சீன வாடிக்கையாளர்களுக்காகத் தொடங்கிவைத்தார் என்று சொல்வார்கள். இப்போது அதை நம் பாட்டி காலத்துச் சமையல் என்று சத்தியம் செய்கிறவர்களைப் பார்க்கிறோம்.

அதே கிள்ளானில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1940-இலிருந்து நடக்கும் சோங் கோக் காப்பிக்கடை இருக்கிறது. அங்கே காலையில் காயா தடவிய ரொட்டியும் காப்பியும் சாப்பிடத் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். பாலத்தடியில் செங் ஹுவாட்டின் பாக் குட் தே. பன்றி எலும்பும் மூலிகையும் போட்டுக் கொதிக்கவைக்கும் அந்தச் சூப்பின் தலைநகரம் கிள்ளான்தான். துறைமுகத்துச் சுமைகூலிகளின் காலை உணவாகத் தொடங்கியது என்பது ஊர்க்கதை. 2024 பிப்ரவரியில் அது தேசிய மரபு உணவுப் பட்டியலில் சேர்ந்தபோது நாட்டில் பெரிய வாக்குவாதம் எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மலேசியரின் காலை உணவுப் பழக்கம், நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் சேர்த்து, யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதற்கு யாரும் வாக்குவாதம் செய்யவில்லை. பட்டியல்கள் இருக்கட்டும். செங் ஹுவாட்டில் காலை ஒன்பது மணிக்கு இடம் கிடைக்குமா என்பதுதான் கிள்ளான்காரரின் கவலை.

பிரிக்பீல்ட்ஸின் கதை வேறு மாதிரி. 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தபின் நகரத்தைச் செங்கல்லால் கட்ட முடிவாயிற்று, சூளைகள் இங்கே வந்தன. பின்னர் ரயில்வே வந்தது, அதோடு யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வந்தார்கள். 2001-இல் கேஎல் சென்ட்ரல் நிலையம் பக்கத்திலேயே எழுந்தது. 2010 அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் சேர்ந்து துன் சம்பந்தன் சாலையை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தார்கள். வளைவுகள் வந்தன, வண்ணம் வந்தது, சுற்றுப்பயணிகள் வந்தார்கள். சென்னையின் சரவண பவனும் பெங்களூரின் எம்டிஆரும் கடை விரித்தன. நல்ல கடைகள்தான். சரவண பவன் சாம்பார் சென்னையில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது, அதுதான் அவர்களின் பெருமை. ஆனால் சாம்பாரைச் சென்னை ருசியில் வைத்திருக்க சென்னையில் ஒரு பெரிய அலுவலகம் இருக்கிறது. ஸ்காட் சாலையில் விஷால் போன்ற கடைகளின் ருசியைக் காக்க ஒரு குடும்பம் மட்டும்தான். இலைக்கு வெளியே கையை நீட்டி இன்னொரு கரண்டி மீன் குழம்பு கேட்டால் எதற்கு என்று கேட்காமல் ஊற்றுவது அங்கேதான்.

பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு விசித்திரம் அன்னலட்சுமி. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழியில் வந்த நுண்கலை ஆலயத்தார் நடத்தும் சைவ உணவகம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மனம்போலக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதுதான் அவர்களின் கொள்கை. 'அப்படியென்றால் பிழைக்க முடியுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. தொண்டர்கள் சமைப்பதால் முடிகிறது. சாதாரணக் கடை முதலாளிக்கு அந்த வசதி இல்லை.

அவருக்கு என்ன வசதி இருக்கிறது என்று பார்ப்போம். 2018 ஜூனில், அப்போதைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், 2019 ஜனவரி 1 முதல் உணவகங்கள் உள்ளூர்ச் சமையல்காரர்களை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இந்திய உணவக உரிமையாளர் சங்கமான பிரிமாஸ் பதறியது, நாடே ஒரு வாரம் ரொட்டி சானாய் யார் வீசுவது என்று விவாதித்தது. பிறகு அது கட்டாயமில்லை, யோசனைதான் என்று அமைச்சர் இறங்கிவந்தார். அன்றைய விவாதத்தில் எல்லாரும் ஆள் பற்றாக்குறையைப் பற்றியே பேசினார்கள். உள்ளூர் இளைஞர் காலை ஐந்து மணிக்கு அடுப்புப் பக்கம் நிற்க வரமாட்டார், உண்மைதான். ருசியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. இரண்டு மூன்று வருடப் பெர்மிட்டில் வரும் சமையல்காரர் தன் ஊர்க் கையோடு வருகிறார். அவரைக் கிள்ளான் கைக்குப் பழக்கி முடிக்கும்போது பெர்மிட் முடிந்துவிடும். அடுத்தவர் வருவார். மறுபடியும் முதலிலிருந்து 'கிச்சாப் பத்தலை'. முதலாளிக்கு வயதாகி, மகன் ஐடி வேலைக்குப் போய், கடையைக் குத்தகைக்கு விட்டால் அந்தச் சொல்லைச் சொல்ல ஆள் இல்லை. பலகையில் பெயர் இருக்கும், குழம்பு ராமநாதபுரத்துக் குழம்பாகிவிடும். ராமநாதபுரத்துக் குழம்பில் குறை ஒன்றுமில்லை, அதைச் சாப்பிட ராமநாதபுரத்துக்கே போகலாமே!

பிறகு காசு. இலைச் சாப்பாட்டின் கணக்கே சோறு மலிவு என்ற நம்பிக்கையில் நிற்கிறது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, அடுத்த மாதம் புழுங்கலுக்கு 20 சதவீத வரி போட்டது. செப்டம்பரில் மலேசியாவின் அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200-க்கு ஏற்றியது. நவம்பரில் கோழிக்கான உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் நின்றன. டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியையும் நிறுத்தியது. ஆறே மாதத்தில் சோறு, கோழி, வெங்காயம் மூன்றுமே அடிபட்டன. பின்னர் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. தொழிலாளிக்கு நியாயமான தொகை, அதில் சந்தேகமில்லை. ஆனால் இலையின் விலையை ஒரு வெள்ளி ஏற்றினால் பழைய வாடிக்கையாளர் பத்து நாள் பேசமாட்டார். அதனால் ஏற்றுவதில்லை. வேறு வழி பார்க்கிறார்கள்: நான்கு காய்கறி மூன்றாகிறது, மீன் துண்டு கொஞ்சம் மெலிகிறது, பாயாசம் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாகிறது. சோற்றில் மட்டும் கை வைப்பதில்லை. 'வேணாம்னு சொல்ற வரைக்கும் போடணும்' என்பது எழுதாத சட்டம்.

இதே மாதிரி ஒரு கதை அமெரிக்காவின் லூசியானாவில் உண்டு. 1755-இல் பிரிட்டிஷார் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து விரட்டிய பிரெஞ்சு வழி அகாதியர்களில் ஒரு பகுதியினர் அங்கே போய்ச் சதுப்பு நிலத்தில் குடியேறினார்கள். கேஜன் மக்கள் என்று பெயர் பெற்றார்கள். சோறு, காரக் குழம்பு, ஆற்று இறால் மாதிரியான கிராஃபிஷ், பன்றித் தொத்திறைச்சி. லஃபாயெட் நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் மதிய நேரத்தில் குடும்பக் கடைகளில் சோற்றின்மேல் குழம்பு ஊற்றி ஒரு தட்டு கொடுப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போவார்கள். அந்த மண்ணில் பிறந்த பால் ப்ருதோம் 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் கே-பால்ஸ் என்ற உணவகத்தைத் திறந்தார். அவர் மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷ் மீன் நாடெங்கும் பித்துப் பிடிக்க வைத்தது. எந்த அளவுக்கு என்றால், 1980-களில் அந்த மீன் வளமே ஆபத்துக்குள்ளாகி, வணிக மீன்பிடிப்புக்குக் கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. ஊர்ச் சாப்பாடு உலகச் சாப்பாடு ஆனால் முதலில் தீர்வது ஊரில் உள்ள மீன்.

கிள்ளானில் மீன் தீரவில்லை, தீர்வது நாக்குத்தான். காணொளி பரவி ஒரு கடைக்கு வரிசை நீண்டால் முதலாளி சந்தோஷப்பட்டு இரண்டாவது கிளை திறக்கிறார். ஷா ஆலாமிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ. அங்கே அதே சமையல் குறிப்பு, அதே மசாலாப் பொடி, அதே நிறத்தில் சட்டை போட்ட பையன்கள். ஆனால் காலை பத்து மணிக்கு உள்ளங்கையை நீட்டும் ஆள் ஒருவர்தான், அவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. கிளைக்கடையில் சாப்பிட்டு 'பழைய ருசி இல்லை' என்று புலம்புகிறவர்களிடம் நான் சொல்வது: பழைய கடைக்கே போங்கள். அங்கேயும் ருசி குறைந்திருந்தால் முதலாளி இன்று கிளையில் இருக்கிறார் என்று பொருள்.

மேருவின் மற்ற அடுப்புகளைச் சொல்லாமல் விட்டால் ஜாவாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாசி அம்பெங் ஒரு பெரிய வட்டத் தட்டில் வரும். நடுவில் சோறு, சுற்றிலும் கிச்சாப்பில் வேகவைத்த கோழி, வறுத்த மீ, தேங்காய் செருண்டிங், தெம்பே, கருவாடு. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து தத்தம் பக்கத்திலிருந்து கையால் சாப்பிட வேண்டும். விருந்து வீடுகளில் மீதியைக் கட்டிக் கொடுத்துவிடுவது வழக்கம். தமிழர் கடையின் கோழிப் பிரட்டலையும் ஜாவாக்காரரின் கிச்சாப் கோழியையும் அடுத்தடுத்த நாள் சாப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் சொந்தக்காரர்கள் என்று தெரியும். ஹலால் சான்றிதழ் வேண்டுமா வேண்டாமா என்று 2024 செப்டம்பரில் நாடே சூடாகப் பேசிக்கொண்டிருந்தபோது மேருவில் மதிய வேளையில் யாரும் தாம் சாப்பிடும் கடையை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. நம் கடைகளில் மாட்டிறைச்சி கிடையாது, பன்றி இறைச்சி கிடையாது. அது எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக, எப்போது போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் தெங்கு கிளானா சாலைக்குக் காரில் போகாதீர்கள். கேடிஎம் கொமுட்டரில் கிள்ளான் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம், கார் நிறுத்த இடம் தேடி அலைகிற வேலை மிச்சம். வெள்ளிக்கிழமை மதியம் சைவக் கடைகளில் இடம் கிடைக்காது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் 1892-இல் தொடங்கிய கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலிலிருந்து திரும்பும் கூட்டம் எல்லாச் சைவக் கடைகளையும் நிறைத்துவிடும். அந்த மாதம் முழுக்கக் கறிக்கடை முதலாளிகள் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். விரதம் இல்லாதவர்களுக்கு மட்டன் மீ சாப்பிட அதைவிட நல்ல மாதம் கிடையாது: வரிசை இல்லை, மேசை உண்டு, கறியும் கொஞ்சம் தாராளமாகவே விழும்.